களரி மாணாக்கனின் தினசரி நியமங்கள்

களரியாகிய போர்க்கலையைக் கற்பிக்கும் குருக்களைக் கண்டு, நல்ல நாள் குறித்து, வெற்றிலையும் பாக்கும் அவற்றின்மேல் ஒரு நாணயமுமாகத் தட்சிணையை இரு கைகளாலும் சமர்ப்பித்து, அவர் பாதம் தொட்டு வணங்கி, மாணாக்கனாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னர், மறுநாள் விடியற்காலை முதல் ஒருவனுடைய வாழ்க்கை எவ்வாறு நடைபெறும் என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். வாளும் பரிசையும் மோதித் தீப்பொறி பறப்பதையும், சுருள்வாளாகிய உறுமி காற்றைக் கிழித்துச் சுழல்வதையும் ஏதேனும் ஒரு விழாவிலோ திரைப்படத்திலோ கண்டு, அந்த வேட்கை ஒன்றினாலேயே மலபாரிலுள்ள வடகரைக்கும் தலைச்சேரிக்கும் ரயில் ஏறி வருகிற இளைஞர்கள் பலர். அவர்கள் முதற்கண் அறிந்துகொள்ள வேண்டியது, அந்த வாள் அவர்கள் கைக்கு வருவதற்கு நெடுங்காலம் செல்லும் என்பதே. ஆயுதத்துக்கு முன் தேகத்தையும், தேகத்துக்கு முன் தினசரி ஒழுங்கையும் பக்குவப்படுத்துவது களரியின் சம்பிரதாயமாதலால், எழுந்திருப்பது, எண்ணெய் தேய்ப்பது, வாசற்படியில் காலெடுத்து வைப்பது, சொன்ன சொல்லைக் காதில் வாங்குவது ஆகிய சிறு காரியங்களையே வித்தையின் முதற்பாகமாகக் கருதி, அவற்றை முழு மனத்தோடு செய்பவனே பிற்பாடு ஆயுதம் எடுக்கத் தகுதியுடையவனாகிறான். இதை ஆரம்பத்திலேயே மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் நேரும் மனச்சோர்வில் பாதி நேராமலே போகும்.

இங்கே கூறப்படுவன யாவும் மலபார்ப் பகுதியில் வழங்கும் வடக்கன் சம்பிரதாயத்தைச் சேர்ந்தவை. பழைய திருவிதாங்கூரில் வழங்கி வந்ததும், 1956-இல் தமிழ்நாட்டோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் ஆசான்மார்களிடம் உயிரோடிருப்பதுமான தெற்கன் முறையில், பயிற்சி பெரும்பாலும் திறந்த வெளியில் நடைபெறும். வெறுங்கைப் போரும் வர்ம சாஸ்திரமும் அங்கே முற்பட்டு நிற்கும். இரண்டும் பெருமையுடையவையே. ஆயினும் ஒன்றின் நியமங்களை மற்றொன்றில் எதிர்பார்ப்பது கூடாது.

வடக்கன் களரியின் இலட்சணமான வடிவம் குழிக்களரி. நாற்பத்திரண்டு அடி நீளமும் இருபத்தொரு அடி அகலமுமாகப் பூமியைத் தோண்டி, ஏறத்தாழ நான்கு அடி ஆழத்தில் தரையைச் சமப்படுத்தி, மண்ணை இறுக அடித்து, மேலே ஓலைக்கூரை வேய்ந்திருப்பார்கள். நீளம் கிழக்கு மேற்காக அமையும். வாசல் கிழக்கே இருக்கும். தென்மேற்கு மூலையில் ஏழு படிகளோடு உயர்ந்திருக்கும் பீடமே பூத்தறை. அதற்கு அருகே குருபரம்பரையை நினைந்து விளக்கேற்றும் குருத்தறை அமைந்திருக்கும். பூமிக்குள் இறங்கி நிற்பதனால் வெளிக்காற்று வியர்த்த தேகத்தின்மீது நேராக வீசுவதில்லை. கோடையில் வெப்பமும் அவ்வளவாக உறைப்பதில்லை. இக்காலத்தில் நகரங்களில் ஓட்டுக் கட்டடத்திலும் சிமெண்டுச் சுவருக்குள்ளும் களரிகள் நடைபெறுகின்றன. அவற்றில் வித்தை குறைவென்று சொல்வதற்கில்லை; எனினும் வசதியிருக்குமானால் மண்தரையுள்ள களரியையே நாடுமாறு கூறுவேன். வெறுங்காலோடு நெடுநாள் பழகும்போது பாதம் அந்த மண்ணிலிருந்து கற்றுக்கொள்வது மிக அதிகம். முழங்காலுக்கும் குதிகாலுக்கும் அது செய்யும் உபகாரம் அதைவிட அதிகம்.

பயிற்சி விடியற்காலையில் தொடங்கும் களரியானால் ஒரு மணி நேரத்துக்கு முன்னதாகவே எழுந்துவிட வேண்டும். மலசலம் கழித்து, முகம் கழுவி, வேண்டுமானால் சிறிது வெந்நீர் அருந்தலாம்; வேறு எதுவும் வயிற்றில் இருத்தல் ஆகாது. மாலைக் களரிக்குப் போகிறவர்கள் மத்தியான போஜனம் முற்றிலும் ஜீரணித்திருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முந்திய இரவு கண்விழிப்பவனுக்குக் காலைப் பயிற்சி நன்மை செய்வதற்குப் பதிலாகத் தீமையே செய்யும் என்பதை மூத்த குருக்கள்மார் ஓயாமல் வற்புறுத்துவர். பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களும் இரவு முறையில் வேலை பார்ப்பவர்களும் இதனை வெளிப்படையாகக் குருக்களிடம் தெரிவித்துவிடுவது உத்தமம். அவர் அன்றைய பயிற்சியைக் குறைத்துக் கொடுப்பார். சொல்லாமல் மறைத்துக்கொண்டு, உயர்ந்த காலெடுப்பில் தலைசுற்றி விழுகிறவனைக் குறித்தே அவர் வருத்தப்படுவார்.

களரியின் வாசலை அடைந்ததும் உடைமாற்றி எண்ணெய் தேய்க்க வேண்டும். நல்லெண்ணெயோ, அந்தக் களரியில் காய்ச்சிய மூலிகைத் தைலமோ, எது வழக்கமோ அதையே உபயோகிக்கலாம். அவசரமாகத் தோளிலும் தொடையிலும் தடவிக்கொண்டு ஓடுவது பிரயோஜனமில்லை. கழுத்து, தோள்மூட்டு, முழங்கை, இடுப்பு, முழங்காலின் பின்மடிப்பு, கணுக்கால், பாதத்தின் அடி என்று மூட்டு மூட்டாக நின்று நிதானித்துத் தேய்க்கும்போது, எந்த இடம் நேற்றைய பயிற்சியால் கனத்திருக்கிறது, எந்த நரம்பு சுண்டி இழுக்கிறது என்பதெல்லாம் கைக்குத் தெரியவரும். தன் தேகத்தைத் தானே தினந்தோறும் பரிசோதித்துக்கொள்ளும் இந்த வேளை, களரி மாணாக்கனுக்கு வாய்த்திருக்கும் பெரும்பேறு. பின்னர்க் கச்சை கட்டவேண்டும். பல கெஜம் நீளமுள்ள பருத்தித் துணியின் ஒரு நுனியை மற்றொருவர் இழுத்துப் பிடித்துக்கொள்ள, மறுநுனியை இடுப்பில் பதித்து, தான் சுழன்று சுழன்று அதைத் தன்மேல் சுற்றிக்கொள்வதே பழைய முறை. நாபிக்குக் கீழே இறுக்கமாகவும், மூச்சுக்குத் தடையில்லாமலும் அது அமைந்திருத்தல் வேண்டும். குனிந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும் நடுமுதுகுக்குக் காவலாக நிற்பது இந்தக் கச்சையே. சில களரிகளில் ஆரம்ப மாணாக்கர்களுக்குக் காற்சட்டையும் சிறு கச்சையும் போதுமென்று விட்டுவிடுவார்கள். பெண்கள் தளர்ந்த சட்டையும் கால்சராயும் அணிந்து, மேலே கச்சை கட்டிக்கொள்வது வழக்கம். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி யாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருக. நகங்களை ஒட்ட வெட்டுக. இவ்விரண்டையும் அசட்டை செய்வதால் பிறர் தேகத்தில் ஏற்படும் காயங்கள் மிகவும் வருந்தத்தக்கவை.

உள்ளே இறங்கும்போது வலக்காலை முன்வைக்க வேண்டும். குனிந்து வலக்கையால் தரையைத் தொட்டு, அந்தக் கையை நெற்றிக்கும் மார்புக்கும் கொண்டுவந்து வணங்கி, நேராகப் பூத்தறைக்குச் சென்று அங்கே வணங்கி, குருத்தறையிலும் ஏனைய தேவதா ஸ்தானங்களிலும் அவ்வாறே செய்து, இறுதியாகக் குருக்களின் பாதத்தைத் தொட்டு அவர் கை தலையில் படும்படி நின்றுவிட்டுத்தான் தனக்குரிய இடத்துக்கு வரவேண்டும். வெளியேறும்போதும் இதே வணக்கங்கள் உண்டு. வேற்றுச் சமயத்தைச் சேர்ந்த மாணாக்கர்கள் இது குறித்துச் சங்கடப்படுவதுண்டு. மலபாரில் மாப்பிள்ளை முஸ்லிம்களுக்குள்ளேயே பெயர்பெற்ற குருக்கள்மார் இருந்திருக்கிறார்கள். கிறிஸ்தவர்களும் இக்கலையைப் பயின்று கற்பித்து வந்திருக்கிறார்கள். ஆகவே எந்த வணக்கத்தைத் தன் மனச்சாட்சி ஏற்குமோ அதைச் செய்துவிட்டு, ஏற்காததைக் குறித்துக் குருக்களிடம் தனியே பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம். நான் கண்ட வரையில், தரையைத் தொட்டு வணங்குவதை எவரும் மறுத்ததில்லை. விழும்போது தாங்கப்போவது அந்தத் தரையல்லவா?

வணக்கம் முடிந்தவுடன் காலெடுப்பு தொடங்கும். இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, களரியின் நீளம் முழுவதும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு காலை வீசிக்கொண்டு போவதும், திரும்பி வருவதுமாக இது நடைபெறும். நேராக உயரும் நேர்க்கால், பக்கமாக வட்டமிடும் வீதுகால், கோணலாகச் செல்லும் கோண்கால், வீசிய பின் தரையோடு தரையாக அமரச்செய்யும் இருத்திக்கால் என்று பல வகைகள் உண்டு. களரிக்குக் களரி பெயரும் எண்ணிக்கையும் சிறிது வேறுபடும். புதியவன் செய்யும் பிழை எப்போதும் ஒன்றே. கால் கைக்கு எட்டவில்லையே என்ற வெட்கத்தால் முதுகை வளைத்து, நின்ற காலின் குதியைத் தூக்கி, எப்படியாவது கால்விரல் நெற்றிக்கு நேராக வந்துவிட வேண்டுமென்று முயல்வான். நின்ற கால் முழுவதும் தரையில் பதிந்து, முழங்கால் மடங்காமல், முதுகு நிமிர்ந்து, வாய் மூடி, மூக்கினால் மூச்சு ஓடவேண்டும். இவை நான்கும் கைகூடியிருக்கும்போது கால் இடுப்பளவே உயர்ந்தாலும் குருக்கள் திருப்தியடைவார். பக்கத்தில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அனாயாசமாகத் தன் தலைக்குமேல் காலை வீசிக்கொண்டு போவதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. மரபுப்படி ஏழு வயதிலேயே களரியில் சேர்க்கப்பட்ட குழந்தையோடு, வயது வந்து சேர்ந்தவன் தன்னை ஒப்பிட்டுக்கொள்வது நியாயமன்று.

காலெடுப்புக்குப் பிறகு மெய்ப்பயிற்று. களரியின் ஜீவன் இதிலேயே இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். குனிதல், நீளுதல், அமர்தல், திரும்புதல், குதித்தல், தாழ்ந்து தரையோடு படர்தல் ஆகிய எல்லாவற்றையும் ஒரு தொடராகக் கோத்து, களரியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சென்று திரும்பும்படி அமைத்த பயிற்சி இது. ஒவ்வொரு களரியிலும் இத்தகைய தொடர்கள் பல உண்டு. இவற்றை மாணாக்கன் தானாக எண்ணிக்கொண்டு செய்வதில்லை. குருக்களோ மூத்த மாணாக்கர் ஒருவரோ வாயினால் சொல்ல, சொல்லச் சொல்லத் தேகம் செய்து வரும். அந்தச் சொற்றொடருக்கு வாய்த்தாரி என்று பெயர். பழைய மலையாளத்தில் அமைந்த இந்தக் கட்டளைகள் தமிழ்க் காதுக்கு அவ்வளவு அந்நியமானவையல்ல. வலம், இடம், நீட்டி, அமர்ந்து, சாடி, தொழுது என்ற சொற்கள் அடிக்கடி வருவதனால், தமிழ் மாணாக்கர்கள் பிறமொழியாளரைவிடச் சீக்கிரமாகவே பொருளைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பொருள் தெரிவதோடு காரியம் முடிவதில்லை.

சொல் காதில் விழுந்து, மனம் அதை யோசித்து, பிறகு கைகால்களுக்கு உத்தரவு போகும் நிலையில் இருக்கிறவன் எப்போதும் ஒரு அடி பின்தங்கியே இருப்பான். சொல் விழுந்த கணத்திலேயே தேகம் நகர்ந்துவிடும் நிலை எய்தும்வரை, அதே தொடரைத் தினந்தோறும், சலிப்பின்றி, செய்துகொண்டே இருக்க வேண்டும். அதிலும் குருக்கள் வேண்டுமென்றே ஒரு நாள் சொல்லை இழுத்து இழுத்துச் சொல்வார். தாழ்ந்த நிலையில் தொடை நடுங்க நடுங்க அடுத்த சொல்லுக்காகக் காத்துக்கிடக்க நேரும். மறுநாள் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போவார். தேகம் சொல்லின் பின்னே ஓடும். இன்னொரு நாள் வழக்கமான இடத்தில் நிறுத்திவிட்டு மௌனமாக நிற்பார். பழக்கத்தினால் தானாகவே அடுத்த அசைவுக்குப் போய்விட்டவன் தன் கவனக்குறைவை உடனே கண்டுகொள்வான். இவ்விதமாகச் செவி தேகத்தோடு இணைக்கப்படுவதைத்தான் நான் களரிக் கல்வியின் சாரம் என்று கருதுகிறேன். பிற்காலத்தில் எதிராளியின் கழி வரும்போது, அது வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து விலகும் தேகத்தைத் தயாரிப்பது இந்தப் பயிற்சிக் காலமே. ஆகையால் வாய்த்தாரியை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து வீட்டில் மனப்பாடம் செய்யும் வழக்கத்தை ஆரம்ப மாணாக்கன் மேற்கொள்ளவே கூடாது. அடுத்து வருவது என்னவென்று தெரிந்துவிட்டால் அவன் கேட்பதை நிறுத்திவிடுவான்.

இந்தச் சொற்கள் இன்று நம் காதில் விழுவதே ஒரு பாக்கியம் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட பழசி ராஜா 1805-இல் வீழ்ந்த காலத்தை ஒட்டி, ஆங்கிலேயர் மலபாரில் ஆயுதங்களைப் பறித்துத் தடைவிதித்தபின், களரிகள் பல மூடப்பட்டன. வித்தை சில குடும்பங்களின் வாயிலும் தேகத்திலும் மாத்திரம் ஒதுங்கி நின்றது. கோட்டக்கல் கணாரன் குருக்களும், அவருடைய மாணாக்கராகிய தலைச்சேரி சி. வி. நாராயணன் நாயரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதைத் திரட்டிப் பொதுமக்களிடையே திரும்பவும் கொண்டுவந்தார்கள். நாராயணன் நாயர் 1944-இல் நாற்பது வயது நிரம்புமுன்னரே காலமானார். அவருடைய புதல்வர் கோவிந்தன்குட்டி நாயர் 1956-இல் திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையருகே களரி அமைத்தார். நாம் செய்யும் மெய்ப்பயிற்று இவர்கள் வாய்வழியாகக் காத்ததேயாகும். மற்றொரு களரியில் கற்றுவந்த தொடரோடு இங்கேயுள்ளது ஒத்துவரவில்லையென்றால், எது சரி என்று வாதிடுவதற்கு இடமில்லை. இரண்டும் வெவ்வேறு வாயிலிருந்து வந்தவை. இருக்கும் களரியின் சொல்லையே பின்பற்ற வேண்டும்.

யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் ஆகிய எட்டின் பெயரால் வழங்கும் வடிவுகளைப் பற்றி இந்நூலின் வேறோரிடத்தில் விரிவாகக் காணலாம். தினசரி வாழ்க்கையைப் பொறுத்தமட்டில், அந்த நிலைகளில் எவ்வளவு நேரம் அசையாமல் இருக்க முடிகிறது என்பதைத் தானே கவனித்து வந்தால் போதும்.

சேர்ந்த புதிதில் எல்லாமே புதுமையாக இருக்கும். தேகம் நொந்தாலும் உற்சாகம் தாங்கிக்கொள்ளும். அபாயமான காலம் அதன்பின் வருவது. வலி குறைந்துவிடும், புதிதாகவும் எதுவும் சொல்லித்தரமாட்டார்கள், அதே நேர்க்கால், அதே முதல் மெய்ப்பயிற்று. தன்னைக் குருக்கள் மறந்துவிட்டாரோ என்று கூடத் தோன்றும். அக்காலத்தில் மாணாக்கன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அன்றைய பயிற்சியில் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்துகொண்டு, உதாரணமாக வலப்பக்கம் திரும்பும்போது பார்வை எங்கே இருக்கிறது என்பதை மாத்திரம், ஆதியோடந்தமாகக் கவனித்து வரட்டும். மறுநாள் வேறொன்று. இவ்வாறு பழகுகிறவனுக்கு ஒரே தொடர் தினமும் வேறு வேறாகத் தோன்றும். அவன் முன்னேற்றத்தைக் குருக்கள் வாயினால் பாராட்டாவிட்டாலும், ஒரு நாள் காலையில் யாதொரு முன்னறிவிப்பும் இல்லாமல் அடுத்த தொடரின் முதற்சொல்லைச் சொல்லத் தொடங்கிவிடுவார். அடுத்தது எப்போது என்று கேட்பது மட்டும் வேண்டாம். ஏதேனும் அசைவு விளங்கவில்லையென்றால் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் பயிற்சி நடந்துகொண்டிருக்கையில் அன்று, முடிந்தபின் விளக்கருகே குருக்கள் சற்று ஓய்ந்திருக்கும் சமயத்தில் கேட்பதே முறை.

பயிற்சி முடிந்ததும் வெளியே ஓடிக் காற்றில் நிற்பதும், உடனே தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொள்வதும் விலக்கத்தக்கவை. வியர்வை தானாக அடங்கும்வரை உள்ளேயே இருந்து, கைகால்களை மெதுவாக நீவிவிட்டு, பின்னர்ச் சிறுபயறு மாவோ சீயக்காயோ தேய்த்து இளவெந்நீரில் குளிக்க வேண்டும். குளித்தபின் கஞ்சியும் பயறும் மலபாரில் இயல்பாகக் கிடைக்கும் உணவு. அதைவிடச் சிறந்ததைத் தேடவேண்டிய அவசியமில்லை. மாமிசம் உண்பவர்கள் முற்றிலும் விடவேண்டுமென்று பொதுவாகக் கட்டாயம் கிடையாது. அந்தந்தக் களரியின் வழக்கத்தைக் கேட்டறிக. மதுவும் புகையிலையும் எந்தக் களரியிலும் ஒவ்வா. அதன்பின் பள்ளிக்கூடமோ அலுவலகமோ போக வேண்டியவர்கள் போய்விடுவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் அவ்வாறே கற்கிறார்கள். முழுநேரமும் களரியிலேயே கழிக்கவேண்டுமென்று வெளியூரிலிருந்து வந்தவன் நினைக்க வேண்டியதில்லை. பகலில் களரியைப் பெருக்குதல், விளக்குத் துடைத்தல், பூப் பறித்தல், தைலம் காய்ச்சும்போது அடுப்பைக் கவனித்தல் முதலிய வேலைகள் இருக்கும். அங்கேயே தங்கியிருக்கும் மாணாக்கன் இவற்றைக் கேளாமலே செய்வது நல்லது. தைலத்தின் பாகம் பார்ப்பது எப்படி என்று அடுப்பருகே கற்கும் பாடம் வேறெங்கும் கிடைப்பதில்லை.

களரியில் முந்திச் சேர்ந்தவரே மூத்தவர், வயது கணக்கில்லை. எனினும் பேச்சில் வயதுக்குரிய மரியாதை குறைவதில்லை. தன்னைவிட மூத்த ஆண்களை ஏட்டன் என்றும், பெண்களைச் சேச்சி என்றும் அழைப்பது அவ்வூர் வழக்கம். ஆசிரியரைக் குருக்களே என்று அழைக்க வேண்டும். சகமாணாக்கரின் பிழையைத் திருத்தும் பொறுப்பு புதியவனுக்கு இல்லை. தனக்குத் தெரிந்திருந்தாலும் மௌனமே தகும். உட்கார்ந்திருப்பவர்களைத் தாண்டிச் செல்வதும், தரையில் கிடக்கும் கழியை மிதிப்பதும் காலால் நகர்த்துவதும் பெருங்குற்றங்களாகக் கருதப்படும்.

பெண்கள் இங்கே புதியவர்களல்லர். வடக்கன் பாட்டுகளில் வரும் வீரப்பெண் உண்ணியார்ச்சையின் புகழை மலபாரில் அறியாதார் இல்லை. எனினும் நடைமுறையில், பெண் குழந்தைகள் பருவமடைந்ததும் களரியை விட்டு நிறுத்தப்படுவதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. வடகரையைச் சேர்ந்த மீனாட்சியம்மா குழந்தைப் பருவத்தில் தொடங்கிய பயிற்சியை விடாமல் முதுமைவரை தொடர்ந்து, குருக்களாகவும் இருந்து கற்பித்து, 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தங்கள் பெண்ணை அனுப்பலாமா என்று தயங்கும் தாய்தந்தையர் அவரை நினைத்துக்கொள்வது போதும். ஆண்களுக்குரிய பயிற்சி வேறு, பெண்களுக்குரியது வேறு என்பதில்லை. மாதவிடாய் நாட்களில் வருவதா, வேண்டாமா என்பது மட்டும் களரியின் வழக்கத்தையும் தன் உடல்நிலையையும் பொறுத்தது.

காயங்கள் ஏற்படும். சுளுக்கு, தசைப்பிடிப்பு, கழி பட்ட வீக்கம் ஆகியவை சாதாரணம். வடக்கன் குருக்கள்மார் பெரும்பாலும் வைத்தியமும் அறிந்தவர்கள். முறிவெண்ணெய் வைத்துக் கட்டுவதிலும் நழுவிய மூட்டைச் சரிசெய்வதிலும் தேர்ந்தவர்கள். எவ்வளவு சிறிய வலியானாலும் அன்றே சொல்லிவிட வேண்டும். முழங்காலில் தோன்றும் வலியைப் பொறுத்துக்கொள்வது வீரமென்று நினைத்து மறைப்பவனுக்குப் பின்னர் நீண்டகாலம் சும்மாயிருக்க நேரிடும். எலும்பு முறிந்ததோ என்ற சந்தேகம் உள்ள இடத்திலும், தலையில் அடிபட்ட இடத்திலும், தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் சென்று படம் எடுத்துப் பார்த்துவிடுக. நல்ல குருக்கள் இதை ஒருபோதும் தமக்கு அவமரியாதையாகக் கொள்ளமாட்டார்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் மழை இறங்கியதும் களரியில் ஒரு புது உயிர் பிறக்கும். வெளியே இடைவிடாத மழையும் உள்ளே விளக்கொளியும் எண்ணெய் வாசனையுமாக இருக்கும் அந்தப் பருவமே கடினப் பயிற்சிக்கு மிக ஏற்றதென்று முன்னோர் கண்டார்கள். குளிர்ந்த காற்றில் தேகம் சூடேறிக் களைப்பது குறைவு. எண்ணெய் நன்றாக உட்புகும். கர்க்கிடக மாதத்தில், அதாவது ஜூலை நடுப்பகுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரையில், உழிச்சில் நடைபெறும். மாணாக்கன் தரையில் விரித்த பாயில் எண்ணெய் தோய்ந்து படுத்திருக்க, குருக்கள் மேலேயிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தம் பாதத்தால் விரல்நுனி முதல் கால்நுனி வரை நீள நீளமாக உழிந்துவருவார். தம் எடையில் எவ்வளவைப் பாதத்தில் இறக்குவது, எவ்வளவைக் கயிற்றில் தாங்குவது என்பதில் அவருடைய நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கும். ஆரம்ப நாட்களில் தேகம் எதிர்த்து இறுகும். மூச்சை அடக்கிக்கொள்ளத் தோன்றும். மூச்சை நீளவிட்டு, கனத்தை ஏற்றுக்கொள்ளப் பழகியபின்னர், முன்பு எவ்வளவு முயன்றும் விரியாத இடுப்பும் தொடையும் தாமாகவே விரிந்து கொடுக்கும்.

ஏழு, பதினான்கு, இருபத்தொன்று என்று குருக்கள் நிர்ணயிக்கும் நாட்கள் முழுவதும் பத்தியம் உண்டு. பகலுறக்கம், இரவு விழிப்பு, குளிர்காற்று, கடும்வெயில், குளிர்ந்த நீர், நீண்ட பிரயாணம், உரத்த பேச்சு, ஸ்திரீ புருஷ சம்பந்தம் யாவும் விலக்கு. உழிச்சில் முடிந்தபின்னும் அதே அளவு நாட்கள் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது மரபு. ஆகவே பதினான்கு நாள் விடுமுறையில் வந்து பதினான்கு நாள் உழிச்சில் செய்துகொண்டு அன்றிரவே ரயில் ஏறத் திட்டமிடுவது பெரும் தவறு. விடுமுறை எவ்வளவோ அதில் பாதிக்கே உழிச்சில் வைத்துக்கொள்க. அந்த நாட்களில் ஞவர அரிசியும் வெந்தயமும் மூலிகைகளும் சேர்த்த மருந்துக்கஞ்சி கொடுப்பார்கள்; கசந்தாலும் குடித்துவிட வேண்டும்.

இவ்வாறு மெய்த்தாரி எனப்படும் தேகப் பயிற்சியில் தேறிய பிறகு, கோல்த்தாரி எனப்படும் கழிப் பயிற்சிக்குக் குருக்கள் அழைப்பார். முதலில் கெட்டுகாரி என்ற நெடுங்கழி. பிறகு முச்சாண் என்ற சிறுகழி. அதன்பின் யானைக் கொம்புபோல் வளைந்த ஒற்றக்கோல். இவை கடந்தபின்னரே கட்டாரமும் வாளும் பரிசையும் குந்தமும் அடங்கிய அங்கத்தாரி. உறுமி அதற்கும் பிந்தியது. கழி கைக்கு வந்தவுடன் தினசரி நியமத்தில் ஒன்று மாறுகிறது: இனி எதிரே ஒருவர் நிற்பார். அவருடைய கண்களையே நோக்க வேண்டும். கழியைத் தொடர்ந்து பார்வையை ஓடவிடக் கூடாது. அசைவுகள் யாவும் முன்பே வகுக்கப்பட்டவையாதலால் இருவரும் அறிந்தவற்றையே செய்கிறார்கள். இருந்தும் வேகம் ஏறும்போது கவனம் சிறிது பிசகினாலும் விரல் நசுங்கும். மனத்தில் கோபமோ துக்கமோ உள்ள நாளில் கழி எடுக்காமல் மெய்ப்பயிற்றோடு நிறுத்திக்கொள்வது விவேகம்; எதிரே நிற்பவருடைய தேகத்துக்கும் நாமே பொறுப்பாளி.

நவராத்திரியில் ஆயுதங்களைப் பூத்தறையின் முன் வைத்துப் பூசிப்பார்கள். அந்நாட்களில் பயிற்சி நிற்குமாதலால், விஜயதசமியன்று திரும்ப ஆரம்பிக்கும்போது களரியில் இருக்கும்படி பிரயாணத்தை அமைத்துக்கொள்க. சென்னையிலிருந்து மங்களூர் செல்லும் ரயில்கள் கோழிக்கோடு, வடகரை, தலைச்சேரி வழியாகச் செல்வதனால் போக்குவரத்துக்குக் கஷ்டமில்லை. ஆனால் விழாக்காலத்தில் இடம் கிடைப்பது அரிது. ஊருக்குப் புறப்படுமுன் குருக்களிடம் விடைபெற்று, வீட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பொதுவாகக் காலெடுப்பையும், தேறிய மெய்ப்பயிற்றுத் தொடர்களையும் மாத்திரம் அனுமதிப்பார். கழியைத் தனியே சுழற்றிப் பழகுவதை அனுமதிக்கமாட்டார், ஏனெனில் திருத்துவாரின்றிப் படிந்த பிழையைப் பின்னர் அகற்றுவது கடினம். மொட்டைமாடியின் சிமெண்டுத் தரையில் இருத்திக்காலும் குதிப்பும் வேண்டாம்; மண்தரையோ தடித்த பாயோ உள்ள இடத்தில், எண்ணெய் தேய்த்துக்கொண்டு, காலை வேளையில் செய்க. நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பி வருகிறவன், தான் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று எண்ணாமல், முதல் வாரம் முழுவதும் காலெடுப்போடு நின்று, இரண்டாம் வாரத்தில் முதல் மெய்ப்பயிற்றை எடுத்து, தேகம் சூடேறும் விதத்தைக் குருக்கள் பார்த்துச் சொன்ன பின்னரே மேலே செல்ல வேண்டும்.